மெட்ராஸ் ஐ என்றே எழுது

ராயபுரம்
3 நவம்பர் 2024, ஞாயிறு

ஜெரிக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். மெழுகுவர்த்தி ஏற்ற என்னிடம் தீப்பெட்டி கேட்கக்கூட உனக்கு வாய் வரவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரரிடம் போய்க் கேட்டாய். நான் கையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். பதினோரு மாதமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய், அது உன் இஷ்டம். ஆனால் நேற்று நீ கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாய். வெயில் இல்லாத நாளில்.

ஜானட்டிடம் கேட்டேன். உன் பெண்டாட்டி என்னோடு பேசுவதற்காவது தடை போடாமல் இருக்கிறாயே, சந்தோஷம். "அவருக்கு மெட்ராஸ் ஐ அண்ணி, பாப்பாவுக்கு ஒட்டிக்கும்னு விம்கோ நகர்ல அம்மா வூட்டுக்கு வந்துட்டேன்" என்றாள். சரி. பதினாறு வருஷமாகக் கண் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கறுப்புக் கண்ணாடி மற்றவர்களைக் காப்பாற்றாது. கண்ணைப் பார்ப்பதால் யாருக்கும் ஒட்டுவதில்லை. கண்ணைத் துடைத்த கை, அந்தக் கை தொட்ட துண்டு, தலையணை உறை, கதவுத் தாழ்ப்பாள், இவற்றால்தான் ஒட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவு. உன் துண்டை உன்னோடு வைத்துக்கொள். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கண்மேல் வை, ஒரு கண்ணுக்கு வைத்ததை மறு கண்ணுக்கு வைக்காதே. பெரும்பாலும் அது தானாக வந்து ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போகும். மெடிக்கலில் போய்ச் சிவப்பு போக மருந்து கேட்டு வாங்காதே.

எனக்கு மூன்று வரி எழுது. ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? காலையில் இமை பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறதா? என்றைக்கு ஆரம்பித்தது? இந்தக் கடிதத்தை நாளைக் காலை உங்கள் ஒர்க்ஷாப் சின்னப்பையன் வியாசர்பாடியிலிருந்து வேலைக்கு வரும் வழியில் வாங்கிக்கொண்டு வருவார்.

ஐரீன்

•

காத்திவாக்கம்
4 நவம்பர், திங்கள்

ஐரீன் அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கொடுத்தனுப்ப இந்த ஊரில் உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? எந்த மனுஷன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டாயோ, அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறாய். அவரும் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து தருகிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன டிசம்பரில் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு நீங்கள் கண் முகாம் போட வந்தபோது நான் உன்னிடம் என்ன கேட்டேன்? சொத்தா கேட்டேன்? பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவர், பார்வை கொஞ்சம் மங்கல், பார்த்து எழுது அக்கா என்று கேட்டேன். அந்தக் கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகளையெல்லாம் அவருக்கு நானே மனப்பாடம் செய்து கொடுத்திருந்தேன். நீ என்ன செய்தாய்? அவர் கடகடவென்று சொல்ல ஆரம்பித்ததும் அட்டையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினாய். "உயரத்தில் கிரேன் இயக்கத் தகுதி இல்லை" என்று ஒரே வரி. மறுநாளே அவரை வாசல் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது வருகிற லாரியின் நம்பர் எழுதிக்கொண்டு, தினமும் காலை எட்டு மணிக்கு "விபத்தில்லாத நாட்கள்" போர்டில் எண் தகரத்தை மாற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்று 351 மாட்டினார்.

எனக்கு ஒன்றும் இல்லை. ஷாப்பில் பதினாலு பேருக்கு மெட்ராஸ் ஐ. எனக்கும் அதுதான். வலது கண்ணில் வந்தது, இடது கண்ணுக்கு வந்தாலும் வரும். அன்பரசன் தனக்கு வாங்கின சொட்டு மருந்தைக் கொடுத்தான், இரண்டு நாளில் அவனுக்குச் சிவப்பு போய்விட்டது. நானும் விடுகிறேன். சூப்பர்வைசர் கண் சிவந்தவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் வீட்டில்தான் இருக்கிறேன்.

பிளாக்கை எடுத்து மெசேஜ் போட்டிருப்பேன், போன் வெளிச்சம் பட்டாலே கண்ணுக்குள் குத்துகிறது. அதனால்தான் பேப்பர். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

ஜெரி

•

காத்திவாக்கம், உன் வீட்டு வாசல்
5 நவம்பர், செவ்வாய், மாலை ஆறே கால்

டேய் ஜெரி,

கால் மணி நேரமாகத் தட்டுகிறேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டு மலர்க்கொடி வந்து பார்த்துவிட்டு, "தம்பி தூங்கிக்கினு கீதுபோல" என்று உனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறாள். படியில் உட்கார்ந்து எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். படி.

ஒரே கண். இடது கண்ணுக்கு இன்னும் வரவில்லை. இமை ஒட்டுவதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை, ஒட்டியிருந்தால் எழுதியிருப்பாய். வெளிச்சம் குத்துகிறது என்று மட்டும் எழுதினாய். அந்த ஒரு வரியைப் படித்ததும் கிளினிக்கில் பாதி வேலையில் எழுந்து வந்தேன்.

மெட்ராஸ் ஐ உறுத்தும், மணல் விழுந்த மாதிரி இருக்கும், தண்ணீர் கொட்டும். சீழ் வடிகிற வகையும் உண்டு, அதற்கு வேறு மருந்து. வெறும் அரிப்புதான் என்றால் அலர்ஜியாக இருக்கும். இதில் எதிலும் பார்வை போகாது. போன் வெளிச்சத்துக்குக் கண்ணைத் திறக்கவே முடியாமல் போகாது, உள்ளே வலிக்காது. வலி, கூச்சம், மங்கல் என்று மூன்றில் ஒன்று இருந்தால்கூட அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். பொழுது விடியட்டும் என்று வைக்கிற சமாச்சாரம் இல்லை.

இப்போது எழுந்து போய் இடது கண்ணைக் கையால் மூடு. சுவரில் தேதி காலண்டர் இருக்கிறது அல்லவா, ஐந்தாம் தேதி தெரிகிறதா பார். பிறகு கண்ணாடி முன்னால் நின்று பார். சிவப்பு கண் முழுக்க இருக்கிறதா, கருவிழியைச் சுற்றி வளையமாக இருக்கிறதா? கருவிழிமேல் வெள்ளையாக ஏதாவது புள்ளி?

அன்பரசன் கொடுத்த மருந்தை இந்த நிமிஷமே நிறுத்து. அந்த பாட்டிலில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும் பெயரை அப்படியே எழுதி அனுப்பு.

கடைசியாக ஒன்று. நீ கிரைண்டிங் மெஷின் பிடித்து இரும்பைத் தேய்க்கிறவன். உன் கண்ணில் என்னடா விழுந்தது?

அக்கா

•

காத்திவாக்கம்
6 நவம்பர், புதன்

அக்கா,

தட்டினது நீதான் என்று தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். திறந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய்.

காலண்டரில் தேதி தெரியவில்லை. கட்டம் தெரிகிறது, உள்ளே புகை. பாட்டிலில் ஏதோ ஒரு நீளமான பெயர், அதற்கப்புறம் "டெக்ஸா" என்று ஆரம்பிக்கிற ஒரு பெயர். இடது கண்ணால் பார்த்து எழுத்துக்கூட்டினேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். முப்பதாம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள், ஒரு வெல்டிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சேஃப்டி கண்ணாடிக்குள் வியர்வை ஆவி பிடித்து ஒன்றும் தெரியவில்லை என்று நெற்றிக்கு ஏற்றிவிட்டேன். தீப்பொறி வந்து அடித்தது. ஹென்றி மாஸ்டரிடம் ஓடினேன். ஷாப்பில் யார் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தாலும் அவர்தான் எடுப்பார், முப்பது வருஷமாக. இமையைத் தீக்குச்சியில் மடித்து, இன்னொரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி எச்சில் தொட்டு எடுப்பார். "பார்த்தியா, பொடி மாதிரி கீது, வந்துட்ச்சு, போய் வேலையைப் பாரு" என்று குச்சியைக் காட்டினார். நானும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் தீபாவளி லீவு. அதற்கு மறுநாள் கண் ரத்தமாகச் சிவந்து போய் நின்றபோது சூப்பர்வைசர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவன் "மெட்ராஸ் ஐ சார்" என்றான். ஷாப்பே தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

ஏன் என்று கேட்பாய். வருகிற பதினெட்டாம் தேதி போர்டில் 365. ஒரு வருஷம் ஒரு விபத்தும் இல்லை என்று காட்டினால்தான் எங்களுக்கு வேலை கொடுக்கிற பெரிய கம்பெனி அடுத்த வருஷ ஆர்டரைத் தரும். அறுபது பேர் அந்த ஆர்டரை நம்பிச் சாப்பிடுகிறார்கள். நான் இரும்பு என்று சொன்னால் அது விபத்து. தகரத்தில் பூஜ்யம். இன்று காலை அன்பரசன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மாமு, இன்னும் பன்னண்டு நாளு பல்லக் கடிச்சிக்கினு இரு, அப்பால உன்னை எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் தூக்கிக்கினு போறேன்" என்றான். அவன் தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம்.

உன் கிளினிக்குக்கு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனி ஆள் வந்தால் உன் ரெஜிஸ்டரின் நகல் கம்பெனிக்குப் போகும். "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நீ உண்மையை எழுதுவாய். நீ ஐரீன் அல்லவா. ஒரு வரி எழுதி ஒருத்தரைக் கிரேனிலிருந்து இறக்கினாய், இன்னொரு வரியில் அறுபது பேரை இறக்கிவிடுவாய்.

மெட்ராஸ் ஐ என்றே எழுதுவாயா? எழுதுவாய் என்றால் வருகிறேன். இல்லையென்றால் பன்னிரண்டு நாள் பொறுத்துக்கொள்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வலி தலைக்குள் போகிறது.

ஜெரி

•

ராயபுரம்
7 நவம்பர், வியாழன்

என் தம்பிக்கு,

உன் கடிதம் இன்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது. நேற்று சின்னப்பையனுக்கு இரண்டு ஷிப்ட்டாம். இந்த ஒரு நாள் போனதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சமையலறையில் ஒரு பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன்.

டெக்ஸா என்பது ஸ்டீராய்டு. சிவப்பை அமுக்கிவிடும், அதனால் அன்பரசனுக்குச் சரியானதுபோல் தெரிந்தது. கருவிழியில் புண் இருக்கிறவனுக்கு அதைவிட்டால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான். மாஸ்டர் எடுத்தது பாதி. மீதி உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. தீக்குச்சியும் எச்சிலும் பட்ட இடத்தில் புண். நான் கண்ணால் பார்க்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பன்னிரண்டு நாள் உனக்கு இல்லை ஜெரி. பன்னிரண்டாம் நாள் நீ வந்தால் கண்ணைக் காப்பாற்ற வரமாட்டாய், வலி போகக் கண்ணை எடுக்க வருவாய். அப்படி வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

சின்னப்பையனைப் பற்றி நீ என்னைச் சொல்லவே விடவில்லை, இப்போது சொல்கிறேன். அட்டையைத் திருப்பினேன். அவருக்கு மேல் வரி ஒன்றைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவருடைய கிரேன் கொக்கிக்குக் கீழே தினமும் யார் நிற்கிறார்கள் என்று யோசித்தேன். நீ நின்றாய். அதனால்தான் எழுதினேன். மூன்று ராத்திரி தூங்கவில்லை. அவர் வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டேனே என்று இன்றைக்கும் உறுத்துகிறது. மார்ச்சில் அவரே கிளினிக்குக்கு வந்து, "எனக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடும்மா" என்று உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், பேச்சை மாற்றிவிட்டார். அதற்கப்புறம் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: எழுதுகிறேன். மெட்ராஸ் ஐ என்றே எழுதுகிறேன். நாளைக்கு முதல் டோக்கன் உன் பெயரில். காலையிலேயே "ஜெரி, வலது கண், மெட்ராஸ் ஐ" என்று எழுதி வைத்துவிடுவேன். டாக்டரிடம் மட்டும் காதோடு உண்மையைச் சொல், தெரியாமல் அவரால் வைத்தியம் பார்க்க முடியாது. ரெஜிஸ்டர் என் பொறுப்பு. கண்டுபிடித்தால் என்னை அனுப்பிவிடுவார்கள், அனுப்பட்டும். பதினாறு வருஷம் போதும்.

டாக்டர் ஒரு மணி வரைதான் இருப்பார். வந்துவிடு சாமி. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

•

கண் வார்டு
14 நவம்பர், வியாழன்

அக்கா,

பேப்பரில் கோடு எங்கே போகிறது என்று தெரியாமல் எழுதுகிறேன், பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். போன் தொடக்கூடாது என்று நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டார். நீ வருகிற அரை மணி நேரத்திலும் மருந்து, சாப்பாடு, ஜானட் அழுகை என்று போய்விடுகிறது. அன்றைக்குக் காலை என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குச் சின்னப்பையன் அண்ணன் உன் கடிதத்தோடு வந்தார். எனக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டுகிறது, ஒரு எழுத்து தெரியவில்லை. "நீயே படிண்ணா" என்று கொடுத்துவிட்டேன். அதில் அவரைப் பற்றி எழுதியிருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ போட்டுக்கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். கொக்கிக்குக் கீழே நான் நின்றேன் என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். நான் செத்தேன் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு மீதியையும் படித்தார். மெட்ராஸ் ஐ என்றே எழுதுகிறேன் என்கிற இடத்தை இரண்டு தடவை படித்தார்.

"இன்னாடா இது, அந்தப் பொண்ணைப் பொய் எய்த வச்சிட்டியே" என்றார். "எனக்காக எய்தாத பொண்ணுடா. ஏறுடா வண்டில."

நேரே ராயபுரம் என்று நினைத்தேன். வண்டி ஷாப் கேட்டில் நின்றது. எனக்கு வெள்ளையாகப் போர்டு இருக்கிற இடம் மட்டும் தெரிந்தது, நம்பர் தெரியவில்லை. தகரம் கழற்றுகிற சத்தம் மூன்று தடவை கேட்டது. அப்புறம் ஒரு தகரம் மாட்டுகிற சத்தம். முதல் ஷிப்ட் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். அன்பரசன் கத்தினான். "யோவ் பெர்சு, இன்னாயா பண்ற, பேஜார் பண்ணாத, இன்னிக்கு முந்நூத்தி அம்பத்தஞ்சுயா!"

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. "கண்ணு தெரியாம நான் மேல குந்திக்கினு இருந்தப்ப நீங்கள்லாம் கீய நின்னுக்கினு இருந்தீங்க. அன்னிக்கு அந்தப் பொண்ணு எய்தலன்னா இந்த போர்டே இருந்திருக்காது. எனக்கும் கோவந்தான், வூட்ல குந்தி அய்தேன். ஆனா எவனும் சாவலை. இந்த எண்ணை மாத்தறது என் வேலை. பொய் எண்ணு நான் மாட்ட மாட்டேன்." ஹென்றி மாஸ்டர் மட்டும் என்கிட்ட வந்து, "எல்லாம் வந்துட்ச்சுன்னுதான்டா நினைச்சேன்" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

அதனால்தான் டாக்டர் கேட்டபோது நான் காதோடு சொல்லவில்லை. இரும்பு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். மணிக்கொரு தரம் மருந்து. கண் தங்கிவிடும் என்கிறார்கள். தழும்பு நிற்குமாம், வலது கண்ணில் பழைய பார்வை வராது. இன்று அட்டையில் மேல் வரி மட்டும் படித்தேன். சின்னப்பையன் அண்ணன் படித்த அதே வரி. ஆர்டர் வருமா என்று தெரியவில்லை. அன்பரசன் வந்து பார்க்கவில்லை. எனக்கு பயமாக இருக்கிறது அக்கா.

ஜெரி

•

ராயபுரம்
18 நவம்பர், திங்கள்

தம்பி,

இன்று போர்டில் 10. சின்னப்பையன் மாட்டிவிட்டு வந்து சொன்னார். ஆர்டரைப் பற்றி இன்னும் எந்தத் தகவலும் இல்லை. பெரிய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து ஷாப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்களாம். உனக்கு நல்ல செய்தி சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் இல்லாததை எழுத முடியாது.

சனிக்கிழமை உங்கள் ஷாப்பிலிருந்து ஒன்பது பேர் ஒன்றாக வந்தார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் கண் சிவப்பு. முன்னால் நின்றவன் அன்பரசன். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "எல்லாருக்கும் பாருங்க அக்கா" என்றான். ஏழு பேருக்கு மெட்ராஸ் ஐதான், கை கழுவுவதையும் தனித் துண்டையும் சொல்லி, ஆளுக்கு ஆள் மருந்து கைமாற்றக்கூடாது என்று திட்டி அனுப்பினேன். எட்டாவது ஆளுக்கு அலர்ஜி. ஒன்பதாவது ஆள் ஹென்றி மாஸ்டர். அவர் இடது கண்ணில் எத்தனையோ வருஷத்துப் பழைய இரும்புத்தழும்பு. அந்தக் கண்ணில் பார்வை பாதிதான். அவர் கண்ணில் விழுந்ததை எடுக்க ஷாப்பில் அன்றைக்கு யாரும் இல்லையாம், கண்ணாடி பார்த்துத் தானே எடுத்துக்கொண்டாராம். தீக்குச்சிப் பெட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சின்னப்பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அதான் படிச்சிட்டனேம்மா" என்றார். கண்ணாடிக் கால் இன்னும் தளர்வாக இருக்கிறதாம், ஸ்க்ரூ முறுக்கிக் கொடுத்தேன்.

என் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதாமே. பேனா கையில் இருந்தது. நீ இரும்பு என்று கத்தியபோது உன் வரி ஏற்கெனவே எழுதப்பட்டு, மை காய்ந்துபோயிருந்தது. "மெட்ராஸ் ஐ" என்பதை அடித்தேன், மேலே "இரும்புத்துகள், வேலையிடத்தில்" என்று எழுதினேன், பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருஷ ரெஜிஸ்டரில் அந்தக் கட்டத்தில் ஒரு அடித்தல்கூட இருந்ததில்லை. சாயங்காலம் டாக்டர் பக்கத்தைப் புரட்டும்போது பார்த்தார். "என்ன ஐரீன், நீங்க அடிக்க மாட்டீங்களே, ஏன்?" என்றார்.

என் தம்பி சார், என்றேன்.

அக்கா